ஒரு ஸ்டார் விழுந்த பிறகு என்ன செய்வது: ஹோம்ஸ்டே, லாட்ஜ், மெஸ் நடத்துபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஐந்தாறு ரூம் வைத்து ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள், மெஸ் நடத்துபவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். ரிவ்யூவுக்குப் பதில் போட என்று தனி ஆள் கிடையாது. ஓனரே ராத்திரி கணக்கு முடித்துவிட்டுப் போனை எடுப்பார், ஒரு ஸ்டாரைப் பார்ப்பார், பிபி ஏறும், அங்கேயே தட்ட ஆரம்பித்துவிடுவார். குன்னூர், கோத்தகிரி பக்கம் தெரிந்தவர்களின் சில ஹோம்ஸ்டேக்களுக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு மெஸ்ஸுக்கும் இந்த வேலையை நான் பார்த்துக்கொடுக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என்ன எழுதுவது என்பதைவிட எதை முதலில் செய்வது என்பதில்தான் பிசகுகிறது. எழுதுவது கடைசி வேலை. அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் பதிலைக் குறை சொன்னவர் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். அடுத்த வாரம் குழந்தைகளோடு வரலாமா என்று யோசித்து, மோசமான ரிவ்யூவை மட்டும் தேடித் தேடிப் படிக்கிற ஒருவர் கட்டாயம் படிப்பார். கீழே சொல்வதெல்லாம் அவரை மனதில் வைத்துத்தான்.

1. புரொஃபைல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைச் சேர்த்தது யார்? போர்டு டிசைன் செய்த பையனாக இருக்கும், இல்லாவிட்டால் எப்போதோ வேலையை விட்டுப் போன ரிசப்ஷன் பையனாக இருக்கும். அவர் ஜிமெயிலில்தான் எல்லாம் கிடக்கும். வெரிஃபை ஆன பிசினஸ் புரொஃபைலில் இருந்துதான் ஓனர் என்ற பெயரில் பதில் போட முடியும், அதனால் பிரச்சினை வருவதற்கு முன்பே இதை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் கூகுளிலேயே உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: வெளியே போர்டு, தெரு, உள்ளே ரூம், அப்புறம் இடம் உங்களுடையதுதான் என்று காட்ட நீங்களே பூட்டைத் திறப்பது, எல்லாம் வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டத்தில் இருக்க வேண்டும்.

இதைச் செய்யாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மச்சான் போனில் இருந்து 5 ஸ்டார் போட்டு, அதற்குள்ளேயே முந்தைய ரிவ்யூக்காரரோடு சண்டை போடுகிறார்கள். படிக்கிற யாருக்கும் அது புரிந்துவிடும்.

மற்ற தளங்களின் விதிகளையும் தெரிந்து வையுங்கள். புக்கிங்.காமில் அதன் வழியாக புக் செய்தவர்தான் ரிவ்யூ எழுத முடியும். ஏர்பிஎன்பியில் செக்-அவுட் ஆன 14 நாளுக்குள் இரண்டு பக்கமும் எழுத வேண்டும், இருவரும் எழுதி முடிக்கும் வரை அல்லது அந்த 14 நாள் முடியும் வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அதன் பிறகு நீங்கள் பொதுவில் பதில் சொல்ல 30 நாள் உண்டு.

கூடவே மூன்று விஷயம் பக்கத்தில் இருக்கட்டும்: வருகைப் பதிவேடு, பில் நகல்கள், ஒரு சாதா நோட்டு. அந்த நோட்டில் தேதி, என்ன குறை, போய்ப் பார்த்ததில் என்ன தெரிந்தது, என்ன செய்தோம், இவ்வளவு போதும். எக்செல் எல்லாம் வேண்டாம், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

2. அன்று ராத்திரியே பதில் போடாதீர்கள்

கூகுளில் பதிலைப் பிறகு திருத்தலாம், அழிக்கலாம், உண்மைதான். ஆனால் பதில் போட்டதும் அவருக்குத் தகவல் போய்விடுகிறது. அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் நீங்கள் திருத்தியும் பிரயோஜனமில்லை. ஒருநாள் தள்ளிப் போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால்தான் கண்டுகொள்ளாத மாதிரித் தெரியும்.

விதிவிலக்கு இரண்டு. சாப்பிட்டு வயிற்றுக்கு முடியவில்லை என்று எழுதியிருந்தாலும் சரி, பாதுகாப்பு பற்றி, அதாவது தாழ்ப்பாள் சரியில்லை, யாரோ கதவைத் தட்டினார்கள் என்று எழுதியிருந்தாலும் சரி, பார்த்த உடனே போன் செய்யுங்கள். பொதுவில் எழுதுவது அப்புறம்.

3. யார், எந்தத் தேதி, எந்த ரூம்

கூகுளில் பெயர் என்ன வேண்டுமானாலும் இருக்கும். உங்கள் பதிவேட்டில் ரூம் எடுத்தது அப்பா பெயரில், ரிவ்யூ போட்டது மகள், அதுவும் ஏதோ புனைபெயரில். ஆகவே பெயரைத் தேடாதீர்கள், விவரத்தைத் தேடுங்கள். மழை பெய்தது என்றிருக்கிறதா, கரண்ட் போனது என்றிருக்கிறதா, போட்டோவில் எந்த ரூம் திரைச்சீலை தெரிகிறது, எத்தனை பேர் வந்ததாக எழுதியிருக்கிறார்? முக்கால்வாசி நேரம் ஆள் பிடிபட்டுவிடுவார்.

பிடிபடவில்லையா, உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். பலர் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் கழித்துத்தான் எழுதுகிறார்கள். பார்சல் வாங்கிப் போனவர், ரூம் கேட்டு வந்து ரிசப்ஷனிலேயே திரும்பியவர், போனில் விசாரித்தவர் எல்லாம் எழுதுவார்கள். அவர்களுக்கும் உங்களோடு ஓர் அனுபவம் இருந்திருக்கிறது.

4. ரூமுக்குப் போய்ப் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இதுதான், எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். மலைப் பக்கத்தில் அதிகம் வரும் குறையையே எடுத்துக்கொள்வோம்: "வெந்நீர் வரவில்லை." ஓனர் போய் கீஸர் ஸ்விட்சைப் போடுகிறார், சூடாக வருகிறது, "கீஸர் நன்றாக வேலை செய்கிறது, நீங்கள் சொல்வது பொய்" என்று பதில் போடுகிறார்.

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். 15 லிட்டர் கீஸர், 2 கிலோவாட் ஹீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரியில் வந்தால் அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட 25 நிமிடம் ஆகும். அந்த 15 லிட்டரில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்தால் 25 லிட்டர் சொச்சம் கிடைக்கும், ஒன்றரை வாளி. ஒரு குடும்பத்தில் நாலு பேர் காலை ஏழு மணிக்கு வரிசையாகக் குளிக்கப் போனால் இரண்டாவது ஆளுக்கே பாதியில் ஆறிவிடும். ஊர் முழுக்க ஹீட்டர் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி அறுபது சதவீதம்தான் மிஞ்சும், 25 நிமிடம் 40 நிமிடமாகும். மத்தியானம் மூன்று மணிக்கு நீங்கள் தனியாகப் போய் ஸ்விட்ச் போட்டுப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

எனவே, அவர் எந்த நேரத்தில் என்ன செய்தாரோ அதே நேரத்தில் அதையே செய்து பாருங்கள். சத்தம் என்று எழுதியிருந்தால் ராத்திரி பதினொன்றுக்கு அந்தக் கட்டிலில் படுத்துப் பாருங்கள். பார்சல் சாம்பார் புளித்துவிட்டது என்றால், கட்டிய நேரத்தில் ருசி பார்த்துப் பலனில்லை, ஒரு பார்சலைக் கட்டி மூன்று மணி நேரம் வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

ஊழியர்களை விசாரிக்கும்போதும் கேட்கிற விதம் இருக்கிறது. "யாரு அன்னைக்கு டூட்டி?" என்று ஆரம்பித்தால் எல்லோர் வாயும் மூடிவிடும். "அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சு, சொல்லுப்பா" என்று கேட்டால், எக்ஸ்ட்ரா போர்வை தீர்ந்துபோனதில் இருந்து எல்லாம் வெளியே வரும். சம்பளத்தில் பிடித்துவிடுவேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எந்தக் குறையும் உங்கள் காதுக்கு வராது, நேராகக் கூகுளுக்குத்தான் போகும்.

5. எந்த மாதிரிக் குறை என்று பிரியுங்கள்

விசாரித்து முடித்தால் நான்கில் ஒன்றாக இருக்கும். இதைப் பொறுத்துத்தான் பதில் மாறும், அதனால்தான் எழுதுவதற்கு முன் இந்தப் படி.

நம் தப்பு: விரிப்பில் கறை, பில்லில் கூடுதல் தொகை, பேசியது சரியில்லை. இதில் வழவழா கொழகொழா வேண்டாம். சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்த்ததற்குத் திட்டியிருந்தால் அதுவும் இந்த வகைதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அப்படிச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்துவிட்டது.

நினைத்து வந்தது வேறு, கிடைத்தது வேறு: என் அனுபவத்தில் சின்ன இடங்களுக்கு வருகிற குறைகளில் பெரும்பங்கு இதுதான், இதைத்தான் ஓனர்கள் 'அநியாய ரிவ்யூ' என்கிறார்கள். லாட்ஜில் 24 மணி நேர செக்-அவுட் என்று பழகியவர், உங்கள் 11 மணி செக்-அவுட்டில் மாட்டிக்கொள்கிறார். ராத்திரி ஒன்பதுக்கு வந்தவருக்கு முழு நாள் வாடகை கொடுத்தும் பாதி நாள்தான் கிடைத்தது என்று தோன்றும். "வேலி வியூ", அதாவது ஜன்னலில் பள்ளத்தாக்கு தெரியும் என்று போட்டிருக்கிறீர்கள், அது மூன்று ரூமுக்குத்தான் உண்டு, அவருக்குக் கிடைத்தது நான்காவது ரூம். தப்பு ரூமில் இல்லை, நீங்கள் எழுதிவைத்த விவரத்தில் இருக்கிறது.

சட்டம், விதி: நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. "ஒரு தண்ணி பாட்டில்கூட வைக்கவில்லை, கஞ்சப் பசங்க" என்று ஒரு ஸ்டார் விழும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. செக்போஸ்ட்டில் நின்ற கோபம் உங்கள் தலையில் இறங்கும். விதியை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் புக்கிங் உறுதியான உடனே போகிற வாட்ஸ்அப் செய்தியில் இவை இரண்டும் இருந்ததா என்று பாருங்கள்.

நான்காவது, போலி அல்லது மிரட்டல். அதற்குத் தனியாக வருகிறேன்.

6. நம்பர் இருந்தால் முதலில் பேசுங்கள்

பகலில் கூப்பிடுங்கள். முதல் வரியிலேயே ரிவ்யூ பற்றிப் பேசாதீர்கள், "சார், நீங்க தங்கினப்ப வெந்நீருக்குச் சிரமப்பட்டீங்கன்னு தெரிஞ்சுது, என்ன ஆச்சுன்னு கேட்கலாம்னுதான்" என்று ஆரம்பித்து, பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். எழுதாத இரண்டு குறை இந்தப் பேச்சில் வெளிவரும், அது உங்களுக்கு லாபம். எடுக்கவில்லை என்றால் ஒரே ஒரு மெசேஜ், அதோடு விட்டுவிடுங்கள். புதுப் புது நம்பரில் இருந்து கூப்பிட்டால் அடுத்த ரிவ்யூ அதைப் பற்றித்தான் வரும்.

ரிவ்யூவை எடுத்துவிடுங்கள் என்று கேட்காதீர்கள். பணம் திருப்பிக் கொடுக்க வேண்டியது நியாயம் என்று பட்டால் கொடுத்துவிடுங்கள், ஆனால் "எடுத்தால் தருகிறேன்" என்று அதையும் இதையும் முடிச்சுப் போடக் கூடாது. ரிவ்யூவை மாற்ற, நீக்கப் பணமோ தள்ளுபடியோ தருவது கூகுள் விதிக்கே எதிரானது. அதைவிட, அந்த வாட்ஸ்அப் பேச்சின் ஸ்கிரீன்ஷாட் ரிவ்யூவில் ஏறினால் பழைய ஒரு ஸ்டாரே பரவாயில்லை என்றாகிவிடும். சரிசெய்த பிறகு பலர் தாங்களாகவே ஸ்டாரைக் கூட்டுவார்கள். கூட்டாதவர்களை விடுங்கள்.

7. இப்போது எழுதுங்கள்

நாலைந்து வரி போதும். அவர் எழுதிய மொழியிலேயே எழுதுங்கள். தமிழில் திட்டியவருக்கு ஆங்கிலத்தில் பதில் போட்டால், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய மாதிரி இருக்கும்.

முதல் வரியில் அவர் சொன்ன குறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அடுத்து, போய்ப் பார்த்ததில் தெரிந்தது. அடுத்து, என்ன மாற்றியிருக்கிறீர்கள். மன்னிப்பு ஒருமுறை. கடைசியில் யாரைத் தொடர்பு கொள்வது. இந்த வரிசைக்குக் காரணம், மேப்பில் நீளமான பதில் பாதியில் மடிந்துவிடும், மடிவதற்கு முன் தெரிகிற வரியில் விஷயம் இருக்க வேண்டும்.

இப்படி ஒரு பதில் அடிக்கடி பார்க்கிறேன்: "நாங்கள் பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் பாராட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் வெந்நீர் வரவில்லையா? 1,500 ரூபாய் ரூமில் ஃபைவ் ஸ்டார் வசதி எதிர்பார்க்கக் கூடாது." வெந்நீரை ஃபைவ் ஸ்டார் வசதி என்று எழுதியதைப் படித்த பிறகு குழந்தையோடு யார் வருவார்கள்?

அதே குறைக்கு இப்படி எழுதலாம்: "காலையில் எல்லோருக்கும் வெந்நீர் கிடைக்காமல் போனதற்கு வருந்துகிறோம். அந்த ரூமில் இருப்பது 15 லிட்டர் கீஸர், நாலு பேர் அடுத்தடுத்துக் குளிக்க அது போதாது என்பதை நாங்களும் காலை ஏழு மணிக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். குடும்ப ரூம் இரண்டிலும் 25 லிட்டர் கீஸர் மாற்றிவிட்டோம், அவசரத்துக்குச் சமையலறையில் இருந்து ஒரு வாளி கொண்டுவந்து தரவும் சொல்லியிருக்கிறோம். வேறு ஏதாவது இருந்தால் ரிசப்ஷன் நம்பரில் சொல்லுங்கள்." மாற்றவில்லை என்றால் மாற்றிவிட்டோம் என்று எழுதாதீர்கள். "இப்போதைக்கு வாளியில் தருகிறோம், கீஸர் மாற்றுவது அடுத்த சீசனுக்குள்" என்பதே தாராளமாகப் போதும். பொய் சொன்னால் அடுத்து வருகிறவர் அதையும் சேர்த்து எழுதுவார்.

விதி சம்பந்தப்பட்டதில் பாடம் நடத்த வேண்டாம்: "மாவட்டத்தில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வைக்க முடிவதில்லை. ஹாலில் ஃபில்டர் இருக்கிறது என்று செக்-இன் சமயத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், இனி ரூமிலேயே கூஜாவில் நிரப்பி வைக்கிறோம்."

ஊழியர் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்ற குறைதான் எழுதக் கடினம், போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஊழியரின் பெயரைப் போடாதீர்கள், "அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டோம்" என்று பெருமையடிக்காதீர்கள். "அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அன்று பணியில் இருந்தவர்களோடு பேசினோம், உங்களிடமும் நேரில் பேச விரும்புகிறோம்", அவ்வளவுதான்.

எழுத்தே இல்லாமல் வெறும் ஒரு ஸ்டார் என்றால் ஒரே வரி: என்ன குறை என்று தெரிந்தால் சரிசெய்ய உதவும்.

8. பதிலில் வரவே கூடாதவை

ரூம் நம்பர், போன் நம்பர், யாரோடு வந்தார், என்ன குடித்தார், எந்த அடையாள அட்டை கொடுத்தார், எதுவும் வேண்டாம். கோபத்தில் "நீங்கள் யாரோடு வந்தீர்கள் என்று சொல்லவா" என்று எழுதிய பதிலைப் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கிற அத்தனை பேரும் இந்த இடத்தில் தங்கினால் நாளைக்கு நம்மைப் பற்றியும் எழுதுவார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

வக்கீல் நோட்டீஸ் மிரட்டலும் வேண்டாம். நிஜமாகவே வழக்கு போடுகிற அளவுக்கு விஷயம் இருந்தால் வக்கீலிடம் போங்கள், பதில் பெட்டியில் எழுதாதீர்கள்.

"ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை ஒட்டுவதும் அப்படித்தான். பத்து ரிவ்யூவுக்குக் கீழே அதே வரி வரிசையாக நின்றால் பதிலே போடாமல் இருந்திருக்கலாம். ஏஐயில் எழுதி வாங்குகிறவர்களுக்கும் இதுவே. எழுத்துப் பிழை பார்க்கக் கொடுங்கள், தப்பில்லை, ஆனால் கீஸர் எத்தனை லிட்டர் என்று அதற்குத் தெரியாது.

9. போலி, மிரட்டல்

கூகுளில் ரிவ்யூவுக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டுப் புகார் செய்யலாம். காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்: போட்டிக்காரர் அல்லது பழைய ஊழியர் என்றால் அதற்குத் தனிக் காரணம், கெட்ட வார்த்தை என்றால் தனி, சம்பந்தமே இல்லாத விஷயம் என்றால் தனி. "எனக்குப் பிடிக்கவில்லை", "உண்மையில்லை" என்பதற்கெல்லாம் எடுக்க மாட்டார்கள், யார் சொல்வது உண்மை என்று கூகுள் பஞ்சாயத்து பண்ணுவதில்லை. முடிவு வரச் சில நாள் ஆகும். நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கு ஒரு வாய்ப்புதான், அதற்குள் பதிவேட்டின் விவரத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். "நீங்கள் சொல்லும் தேதியில் எங்கள் பதிவேட்டில் இந்த விவரத்தோடு பொருந்தும் புக்கிங் கிடைக்கவில்லை. புக்கிங் எண் அனுப்பினால் உடனே பார்க்கிறோம்" என்று போடுங்கள். போலி என்ற சொல்லே வேண்டாம், படிக்கிறவர் தானாகப் புரிந்துகொள்வார்.

ரூமை இலவசமாகக் கொடு, இல்லாவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன் என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் வாங்கப் பாருங்கள், வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். டிரிப் அட்வைசரில் ரிவ்யூ வருவதற்கு முன்பே மிரட்டலைப் புகார் செய்ய வசதி இருக்கிறது, வந்த பிறகு சொல்வதைவிட அது பலன் தரும். பணம் கேட்டு மிரட்டினால் சைபர் கிரைம் இணையதளத்தில் அல்லது உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

இதைச் சமாளிக்கிறேன் என்று காசு கொடுத்து நல்ல ரிவ்யூ வாங்குகிறவர்கள் உண்டு. திடீரென்று ஒரே வாரத்தில், ஊட்டிக்கே வராத ஆட்கள் "நல்ல இடம், சூப்பர்" என்று வரிசையாக எழுதியிருந்தால் யாருக்குத்தான் தெரியாது? இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கு என்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. அதன்படியும் காசுக்கு வாங்கிய ரிவ்யூ ரிவ்யூவே இல்லை. முகம் மலர்ந்து கிளம்புகிறவரிடம் மட்டும் கேட்பதும் கூகுள் விதிப்படி தப்பு. செக்-அவுட் சமயத்தில் எல்லோரிடமும் கேளுங்கள், முதலில் "ஏதாவது குறை இருந்துச்சா?" என்று வாயால் கேட்டுவிட்டு அப்புறம் க்யூஆர் கார்டைக் காட்டுங்கள். அங்கேயே சொல்லிவிட்டால் பாதிக் குறை ரிவ்யூவாக மாறுவதில்லை.

10. சரிசெய்ததைக் காட்டுங்கள்

பதில் போட்டதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். புது கீஸர் வந்தால், புது மெத்தை வந்தால் போட்டோ எடுத்துப் புரொஃபைலில் ஏற்றுங்கள், பழைய போட்டோவை எடுத்துவிடுங்கள். 'நினைத்தது வேறு' வகைக் குறை என்றால் எல்லாத் தளத்திலும் விவரத்தைத் திருத்துங்கள்: செக்-அவுட் நேரம், எந்த ரூமுக்கு வியூ உண்டு, பார்க்கிங்கில் இருந்து எத்தனை படி இறங்க வேண்டும், இ-பாஸ், தண்ணீர் பாட்டில். கூகுளில் மட்டும் மாற்றிவிட்டு மேக்மைட்ரிப்பில் பழையதையே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிற தப்பு, அடுத்த மாதம் அங்கிருந்து அதே குறை வரும்.

சீசன் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்து ஒரே குறை இரண்டு தடவைக்கு மேல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அடுத்த சீசன் செலவில் அதுதான் முதலில். பெயின்ட் அடிப்பது, முன்னால் செல்ஃபி எடுக்க இறக்கை வரைவது எல்லாம் அதற்குப் பிறகு.